கதை அமரும் இருக்கை: நடுநிலை வகுப்பு வாசகருக்குப் பள்ளிக்கள நாவல்களைத் தேர்தல் (தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பயிலும் மாணவர்க்குப் பள்ளியைக் களமாகக் கொண்ட நாவல்களைத் தேர்ந்தளிக்கும்போது, நூலின் பொருளும் அது பெற்ற புகழுமே பெரும்பாலும் அளவுகோல்களாக அமைகின்றன. ‘பள்ளியைப் பற்றிய நூல்’ என்பதும் ‘பள்ளி மாணவர்க்கான நூல்’ என்பதும் வெவ்வேறானவை என்பது இத்தேர்வில் மறக்கப்படுகிறது. கதை வகுப்பறையை எந்த இடத்திலிருந்து காண்கிறது என்பதை ‘இருக்கைநிலை’ எனக் குறிக்கும் இக்கட்டுரை, அதனை முதல் அளவுகோலாக முன்வைக்கிறது. தமிழில் கிடைக்கும் சில நூல்களை அவ்வளவுகோலால் ஆராய்ந்து, தென்காசி, குற்றாலம் வட்டாரப் பள்ளிகளின் வாழ்நிலையோடு பொருத்திப் பார்த்து, தேர்வுக்குரிய ஐந்து வினாக்களை வகுத்தளிக்கிறது.

திறவுச்சொற்கள்: சிறார் நாவல், பள்ளிக்களம், நடுநிலை வாசகர், இருக்கைநிலை, தென்காசி, குற்றாலம், வாசிப்பு

முன்னுரை

தமிழ்ச் சிறார் இலக்கியம் கடந்த சில பத்தாண்டுகளில் வளம்பெற்று வருகிறது. 1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியதும், 2010 முதல் சாகித்திய அகாதெமி பால சாகித்திய புரஸ்கார் வழங்கிவருவதும் இவ்வளர்ச்சியின் இருவேறு கட்டங்கள். தமிழ்நாடு அரசின் பள்ளிக்கல்வித்துறை 2022இல் ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய மாணவர் இதழ்களைத் தொடங்கியது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் சிறுநூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்த்தது. ‘பற’ நிலையைக் கடந்த மாணவர் அடுத்து எதை வாசிப்பது? சிறுநூலிலிருந்து நாவலுக்குச் செல்லும் அந்த ஒரு படியில்தான் ஆசிரியரின் தேர்வு இன்றியமையாததாகிறது.

அப்படிக்குப் பள்ளிக்கள நாவல் பொருத்தமான வாயில். அரசர் கதையிலும் விண்வெளிக் கதையிலும் வாசகர் அறியாத உலகம் ஒன்றை ஆசிரியர் கட்டிக் காட்டவேண்டும். பள்ளிக் கதையில் அவ்வுலகம் வாசகருக்கு முன்பே தெரியும். மணியோசை, வருகைப்பதிவு, கடைசி வரிசை, திருத்தப்படாத வீட்டுப்பாடம் எல்லாம் அவருடைய நாள்தோறும் நிகழ்வன. எனவே நெடிய கதையைத் தொடர்வதற்குரிய முயற்சி குறைகிறது. ஆனால், அதே காரணத்தால் தவறான தேர்வு விளைவிக்கும் தீமையும் மிகுதியாகிறது. அரக்கன் அடித்தால் சிறுவர் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கலாம். ஆசிரியர் அடிக்கும் கதையை மூடிவிட்டு மறுநாள் காலை அவர் செல்லவேண்டிய இடம் வகுப்பறையே. ஆகவே, இத்தேர்வைத் தனித்து ஆராயவேண்டிய தேவை உள்ளது.

நடுநிலை வாசகர்

ஆங்கிலப் பதிப்புலகம் ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோரை இடைநிலை வாசகராகக் கருதித் தனிப் பதிப்புப் பிரிவே வகுத்துள்ளது. தமிழ்நாட்டில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளை ‘நடுநிலை’ என வழங்கும் மரபு உண்டு. இக்கட்டுரை அவ்வகுப்புகளில் பயிலும், பத்து முதல் பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோரை நடுநிலை வாசகர் எனக் கொள்கிறது. இவ்வகுப்புகளின் தமிழ்ப் பாடநூல்களில் உள்ள ‘விரிவானம்’ பகுதி கதை வாசிப்பை ஓரளவு பழக்குகிறது. எனினும், அப்பகுதியின் இறுதியில் வினாக்கள் காத்திருக்கின்றன. வினா இல்லாத வாசிப்பை நாவலே அளிக்கவேண்டும்.

இவ்வயதின் இன்னொரு தன்மையும் தேர்வுக்கு முக்கியமானது. சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் ஓரிரு ஆசிரியரிடம் படித்த குழந்தை, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பேருந்துப் பயணம், அறியாத ஊர்ப் பிள்ளைகள் என்னும் புதிய சூழலுக்குள் நுழைகிறது. நியாயம், அநியாயம் பற்றிய உணர்வு கூர்மையடையும் வயதும் இதுவே. ‘சார் ஏன் அவனை மட்டும் அடித்தார்?’ என்னும் வினா இங்கு எழுகிறது. பள்ளிக்கள நாவல் அவ்வினாவை எதிர்கொள்வதா தவிர்ப்பதா என்பதே அதன் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

விடுதிப் பள்ளியும் பகற்பள்ளியும்

பள்ளிக் கதை என்னும் வகை ஆங்கிலத்தில் விடுதிப் பள்ளியோடு பிறந்தது. தாமஸ் ஹியூஸ் 1857இல் எழுதிய ‘டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்’ ரக்பி பள்ளியைக் களமாகக் கொண்டது. ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னரின் ‘பறக்கும் வகுப்பறை’ (1933), எனிட் பிளைட்டன் 1940களில் எழுதத் தொடங்கிய செயின்ட் கிளேர்ஸ், மேலரி டவர்ஸ் வரிசைகள், பின்வந்த ஹாரி பாட்டர் ஆகியனவும் விடுதிக் கதைகளே. பெற்றோர் தொலைவில் இருக்க, சிறுவரே தமக்குள் சட்டமும் நட்பும் பகையும் வகுத்துக்கொள்ளும் மூடிய உலகம் இவ்வகையின் கட்டமைப்பு ஆயிற்று.

தமிழ்நாட்டுச் சிறுவரில் மிகப் பெரும்பாலோர் மாலையில் வீடு திரும்புவோர். அவர்தம் பள்ளி வாழ்வு வீடு, வழி, வகுப்பு என்னும் மூன்று இடங்களில் பரந்துள்ளது. வகுப்பில் நேர்ந்தது வீட்டில் மறைக்கப்படுகிறது. வீட்டில் நேர்ந்தது வகுப்பில் தூக்கமாகவோ பசியாகவோ வெளிப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியில்தான் நண்பர்கள் உண்மை பேசுகிறார்கள். ஆகவே, தமிழில் பகற்பள்ளி நாவலுக்கு மூடிய உலகம் பொருந்தாது. வீட்டையும் வழியையும் துறந்து வகுப்பறையை மட்டும் காட்டும் நூல், இங்குள்ள வாசகரின் பள்ளியை மூன்றில் ஒரு பங்காகவே காட்டுகிறது.

தமிழ்ச் சிறார் கதை மரபில் இன்னொரு வழக்கமும் உண்டு. பல துப்பறியும் கதைகளிலும் சாகசக் கதைகளிலும் நிகழ்ச்சி கோடை விடுமுறையில் தொடங்கும். சிறுவர் மாமா வீட்டுக்கோ மலையூருக்கோ செல்வர். அங்கே மர்மம் காத்திருக்கும். பள்ளி பூட்டப்பட்ட பின்னரே கதை திறக்கிறது. இத்தகைய நூல்கள் வாசிப்பின் இன்பத்தை வளர்த்தன. ஆயினும் ஆண்டின் பத்து மாதங்களைக் கதைக்கு ஆகாதனவாக ஒதுக்கின என்பதும் எண்ணத்தக்கது.

இருக்கைநிலை

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் கல்வி பற்றிய உரையாடல்களிலும் அடிக்கடி பரிந்துரைக்கப்படும் நூல்கள் சில உள்ளன. தெத்சுகோ குரோயநாகியின் ‘டோட்டோ-சான்’, கிஜுபாய் பாதேக்காவின் ‘பகல் கனவு’, இரா. நடராசனின் ‘ஆயிஷா’, சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ ஆகியன அவற்றுள் முதன்மையானவை. நான்கும் சிறந்த நூல்கள். நான்கும் பள்ளியைப் பற்றியன. ஆகவே, ‘பள்ளி நூல்’ கேட்கும் நடுநிலை மாணவரிடம் இவை எளிதில் சென்றுசேர்கின்றன. இவற்றின் இருக்கைநிலையை ஆராய்ந்தால் வேறு முடிவு கிடைக்கிறது.

‘பகல் கனவு’ நூலின் கதைசொல்லி ஓர் ஆசிரியர். நான்காம் வகுப்பு ஒன்றை ஓராண்டுக் காலம் தம் விருப்பப்படி நடத்திப் பார்க்கும் அவருடைய சோதனையே கதை. கதையும் விளையாட்டும் வழியாகக் கற்பித்தல், அதிகாரிகளின் ஐயம், சக ஆசிரியரின் ஏளனம் என அதில் நிகழும் போராட்டம் முழுவதும் ஆசிரியருடையது. மாணவர் அப்போராட்டத்தின் பயனைப் பெறுவோர் மட்டுமே. பதினொரு வயது வாசகர் இந்நூலில் தம் இடத்தைத் தேடினால், பிறர் கவனிக்கும் ஒருவராகவே தம்மைக் காண்பார்.

‘முதல் ஆசிரியர்’ 1962இல் வெளிவந்த குறுநாவல். அரைகுறை எழுத்தறிவு மட்டுமே உடைய துய்ஷேன், கிர்கீசியச் சிற்றூரில் குதிரை லாயம் ஒன்றைப் பள்ளியாக்குகிறான். அங்குப் பயின்ற அனாதைச் சிறுமி அல்தினாய் பிற்காலத்தில் கல்வியாளராகி, நெடுங்காலம் கழித்து எழுதும் கடிதமே கதையின் பெரும்பகுதி. நன்றியும் குற்றவுணர்வும் கலந்த முதிர்ந்த நினைவு அது. அதில் இடம்பெறும் கட்டாய மணமும் வன்கொடுமையும் நடுநிலை வகுப்புக்குரியன அல்ல. உயர்நிலை வகுப்பைக் கடந்தோர்க்கே இந்நூல் உரியது.

‘டோட்டோ-சான்’ (1981) இவற்றினின்று ஓரளவு வேறுபடுகிறது. தோமோயே பள்ளியின் இரயில்பெட்டி வகுப்பறைகள், கடலிலும் மலையிலும் விளைந்தவற்றைச் சேர்த்துக் கொண்டுவரும் நண்பகலுணவு, தலைமையாசிரியர் கோபயாஷி ஒரு சிறுமியின் பேச்சை மணிக்கணக்கில் கேட்டது ஆகியன குழந்தையின் கண்ணால் காணப்பட்டவை. எனினும், அச்சிறுமி முந்தைய பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாள் என்பதை வாசகர் தொடக்கத்திலேயே அறிவர். சிறுமி அதனை அறிவது இருபது வயதில்தான். கண் குழந்தையுடையது, அறிவு பெரியவருடையது. மேலும் இது நாவலன்று, தன்வரலாற்று நினைவுகள். அத்தியாயங்கள் சிறியனவாதலின் ஆசிரியர் உரக்க வாசித்துக்காட்ட ஏற்றது. ‘இப்படியொரு பள்ளி நமக்கு ஏன் இல்லை?’ என மாணவர் கேட்பார் என்பதை எதிர்பார்த்தே வாசிக்கவேண்டும். அவ்வினாவுக்கு விடை கூற விரும்பாத ஆசிரியர் இந்நூலை வகுப்புக்குக் கொண்டுசெல்லாதிருத்தல் நலம்.

ஆர்.கே. நாராயண் 1935இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, தமிழிலும் வாசிக்கப்பட்டுவரும் ‘சுவாமியும் நண்பர்களும்’ இதற்கு எதிர்நிலையில் உள்ளது. சுவாமிநாதன் முதல் பாரம் படிக்கும் பத்து வயதுச் சிறுவன். இன்றைய கணக்கில் ஆறாம் வகுப்பு. கதை அவனுடைய விசுப்பலகையிலேயே அமர்ந்துள்ளது. கணக்குப் புத்தகத்தின் வெறுப்பு, நண்பன் ராஜத்தின் மீதான மதிப்பு, மட்டைப்பந்துக் குழுவின் கனவு, பாட்டியிடம் காட்டும் அன்பும் அலட்சியமும் எல்லாம் அவன் அளவிலேயே பெரிதாகவும் சிறிதாகவும் தெரிகின்றன. கதைசொல்லி அவனைக் கண்டு புன்னகைக்கிறார், ஆனால் திருத்துவதில்லை. வீடும் ஆற்றங்கரையும் தெருவும் பள்ளியும் சேர்ந்தே மால்குடி ஆவதால், முன்னர்க் கூறிய பகற்பள்ளிக் கட்டமைப்பும் இதில் முழுமையாக உண்டு.

எனவே இருக்கைநிலை என்பது கதைசொல்லி யார் என்னும் இலக்கண வினாவோடு முடிவதில்லை. கதையில் முடிவெடுப்பவர் யார், வாசகரைவிட மிகுதியாக அறிந்தவர் யார், கதை முடிந்தபின் மாறவேண்டியவர் யார் என்னும் மூன்றும் அதில் அடங்கும். மூன்றுக்கும் விடை ‘ஆசிரியர்’ எனின் அந்நூல் ஆசிரியர்க்கு உரியது. அதனை ஆசிரியரே வாசித்து மாறுவதுதான் மாணவர்க்கு நன்மை.

தீங்கும் அதன் பின்னும்

‘ஆயிஷா’ தனித்து ஆராயத்தக்கது. கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவி, அடியின் வலி தெரியாதிருக்க மருந்து தேடித் தன் உடலிலேயே சோதித்து இறந்துபோகிறாள். அவளுடைய ஆசிரியை தாம் எழுதிய அறிவியல் நூலுக்கான முன்னுரையாக இதனைக் கூறுகிறார். தமிழில் வகுப்பறை வன்முறையைப் பற்றி இத்துணை ஆழமாகப் பேசிய படைப்புகள் மிகச் சிலவே. ஆசிரியர் சமூகத்தின் மனச்சான்றை அது அசைத்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல், உளத் தண்டனைகளைத் தடைசெய்வதற்கு முன்பே அத்தடையின் தேவையைத் தமிழ் வாசகர் உணர அது துணைநின்றது.

ஆயினும் அதன் இருக்கை ஆசிரியையின் நாற்காலி. குற்றவுணர்வு அவருடையது, கதையின் வேண்டுகோளும் அவரை ஒத்தவர்க்கே. அடிபடும் பன்னிரண்டு வயது மாணவி தனியே இதனை வாசித்தால் கதையில் அவளுக்குரிய இடம் ஆயிஷாவின் இடம். அவ்விடத்திலிருந்து கதை காட்டும் ஒரே வழி இறப்பு. படைப்பில் இது குறையன்று. படைப்பு யாரை நோக்கிப் பேசுகிறதோ அவர்க்கு அவ்விறப்பு தேவை. தேர்வாளர் அதனை வேறொருவர் கையில் தரும்போதே குறை தோன்றுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல், ஆசிரியரும் உடனிருந்து வாசித்து, ‘ஆயிஷா யாரிடம் சொல்லியிருக்கலாம்?’ என உரையாடும் சூழலில் இது வலிமையான நூல் ஆகும்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டல் என்னும் கடுமையான பொருளை அது எடுத்துக்கொள்கிறது. பேசும் மரப்பாச்சி என்னும் கற்பனைத் துணையின் வழியாக, அஞ்சாமல் நம்பத்தகுந்தவரிடம் சொல்லலாம் என்னும் வழியைச் சிறுவர்க்கே அது திறக்கிறது. பள்ளி இதில் மையக்களமன்று. எனினும், கடுமையான பொருளைத் தவிர்ப்பதன்று, பொருளுக்குப்பின் ஒரு கதவைத் திறந்துவைப்பதே சிறார் நாவலின் பொறுப்பு என்பதற்கு இது சான்று.

‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலிலும் அடி உண்டு. மத போதனை வகுப்பில் ஆசிரியர் சுவாமிநாதனின் காதைத் திருகுகிறார். அவன் தந்தை தலைமையாசிரியர்க்குக் கடிதம் எழுதுகிறார். பின்னர் வேறொரு பள்ளியில் பிரம்பைப் பிடுங்கிச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு ஓடுகிறான், அதன் விளைவாக வழிதவறிக் காட்டில் அகப்படுகிறான், மீட்கப்படுகிறான். செயலுக்கு விலை உண்டு, ஆனால் வீடு திரும்பவும் வழி உண்டு என்பதை நாவல் காட்டுகிறது. இங்ஙனம், தீங்கு நேர்ந்தபின் சிறுவர்க்கு என்ன எஞ்சுகிறது என்பது தேர்வின் இரண்டாம் அளவுகோல் ஆகிறது.

வகுப்பறையும் சாதியும்

தென் மாவட்டப் பள்ளிகளைக் கருதும்போது தவிர்க்க இயலாத பொருள் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவர்களிடையே நிகழ்ந்த சாதிய வன்முறையை அடுத்து, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அவ்வறிக்கை, சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்தல் உள்ளிட்ட பரிந்துரைகளை முன்வைத்தது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் பிரிக்கப்படும்வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே அவ்வறிக்கை பேசும் சூழல் இங்குள்ள ஆசிரியர்க்கு அயலானது அன்று.

கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பதினொரு வயது மாணவர் அறிவார். ஆனால், நடுநிலை வாசகர்க்குத் தரப்படும் பள்ளிக்கதைகளில் பெரும்பாலானவை சாதியே இல்லாத ஒரு வகுப்பறையைக் காட்டுகின்றன. ‘எல்லோரும் நண்பர்கள்’ என்னும் முடிவை முதற்பக்கத்திலேயே எட்டிவிடும் கதை, வாசகரின் அறிவை மதிக்கத் தவறுகிறது. மறுபுறம் பாமாவின் ‘கருக்கு’ (1992) போன்ற தன்வரலாற்றுப் புதினங்கள் பள்ளியில் சாதியின் இயக்கத்தைத் துல்லியமாகக் காட்டினும், அவை முதிர்ந்த வாசகரை நோக்கியன.

இவ்விடைவெளியில் பயன்படத்தக்கது அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் நினைவுக்குறிப்பின் முதற்பகுதி. 1901இல், பத்து வயதளவில், தந்தையைக் காணச் சிறுவர்கள் தனியே மேற்கொண்ட பயணம் அதில் கூறப்படுகிறது. இரயில் நிலையத்தில் காத்திருப்பு, வண்டிக்காரரின் மறுப்பு, கையில் உணவிருந்தும் நீர் கிடைக்காத இரவு எனப் பயணம் நீள்கிறது. வகுப்பில் அமர்வதற்கெனத் தனிச் சாக்குத்துணியை வீட்டிலிருந்து கொண்டுவந்து, மாலையில் திரும்ப எடுத்துச் சென்றதும் அதில் இடம்பெறுகிறது. இருக்கைநிலை என்னும் சொல் இங்கு உவமையாக நிற்கவில்லை. ஒரு குழந்தை எங்கே, எதன்மேல் அமரவைக்கப்பட்டது என்பதே பொருள். இது நாவலன்று. எனினும், வயதும் நோக்கும் பொருந்துவதால், நாவல் வாசிப்போடு இணைத்து வைக்கத்தக்க சிறந்த துணைப்பனுவல்.

சாரல்காலப் பள்ளி

குற்றாலம் தமிழ் இலக்கியத்தில் நன்கு பதிவான ஊர். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’ பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்று வந்துள்ளது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் இங்கு வாழ்ந்தார். இராஜாஜி, கல்கி போன்றோர் அவரைக் காண வந்தனர். அண்மையிலுள்ள கடையத்தில் பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்தார். ஆனால், இப்பதிவுகளில் பெரும்பாலும் குற்றாலம் விருந்தினரின் ஊராகவே தோன்றுகிறது. அருவியும் குரங்கும் தென்றலும் காண வந்தவரின் மகிழ்ச்சியே அதன் உணர்வு.

இங்குப் பயிலும் மாணவர்க்குக் காலக்கணக்கு வேறு. பள்ளி திறக்கும் ஜூன் மாதமே சாரல் தொடங்கும் மாதம். பிற ஊர்ச் சிறுவர்க்கு விடுமுறை நினைவாக இருக்கும் பேரருவியும் ஐந்தருவியும், இவ்வூர்ச் சிறுவர்க்குப் புதிய வகுப்பும் ஈரச் சீருடையும் கலந்த நினைவு. காலாண்டுத் தேர்வு நெருங்கும் செப்டம்பர் வரை நீளும் இப்பருவத்தில்தான் பழக்கடை, விடுதி, தானி, உணவகம் ஆகியவற்றை நம்பிய குடும்பங்கள் ஆண்டின் பெரும்பகுதி வருவாயை ஈட்டுகின்றன. மாலையில் கடையில் நிற்கும் பிள்ளைக்கு மறுநாள் வீட்டுப்பாடம் எஞ்சிக் கிடக்கும். கடையம், ஆலங்குளம் பக்கத்துச் சிற்றூர்களிலோ, மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் தாயின் அருகில் அமர்ந்தே பல பிள்ளைகள் படிக்கின்றனர். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், கொச்சிப் பகுதியோடு இருந்தமையால், எல்லைப்புறக் குடும்பங்களில் மலையாளமும் கேட்கும். விடுமுறையில் மலையூருக்குச் சென்று மர்மம் காணும் கதையை இம்மாணவர் வாசிக்கும்போது, கதை வந்து இறங்கும் ஊரே அவருடைய ஊர். கதையில் அவருக்குரிய பாத்திரமோ பெயரற்ற கடைச் சிறுவன்.

கரிசல் வட்டாரத்தில் கி. ராஜநாராயணன் ‘பிஞ்சுகள்’ குறுநாவலில் பறவைகளையும் முட்டைகளையும் தேடித் திரியும் சிறுவனின் உலகத்தை, அம்மண்ணின் சொற்களிலேயே எழுதினார். அது பள்ளிக்கு வெளியே விரியும் கதை. எனினும், வட்டாரச் சிறுவரைக் கதையின் நடுவில் அமர்த்துவது எவ்வாறு என்பதற்கு அது முன்மாதிரி. கழுநீர்குளத்தைச் சேர்ந்த கழனியூரன் தொகுத்த நெல்லை வட்டார நாட்டார் கதைகள், வீட்டில் கேட்ட கதைக்கும் பள்ளியில் படிக்கும் கதைக்கும் இடையே பாலமாக உதவக்கூடியன. தேர்வாளர் இவற்றை முன்வாசிப்பாக அமைத்து, பின் நாவலுக்குச் செல்லலாம்.

மொழி

பள்ளிக்கள நாவலில் மொழி என்பது நடையழகு மட்டுமன்று. அது பள்ளியின் வகையைக் காட்டும் அடையாளம். ‘சார்’, ‘டீச்சர்’ என்னும் விளிகள் ஒரு வகைப் பள்ளியையும் ‘மிஸ்’ என்னும் விளி பெரும்பாலும் வேறொரு வகைப் பள்ளியையும் உணர்த்துகின்றன. பாத்திரங்கள் அனைவரும் ‘மிஸ்’ என்றே விளித்து, மகிழுந்தில் பள்ளி சென்று, பிறந்தநாளுக்கு அணிச்சல் வெட்டும் நாவலை அரசுப் பள்ளி மாணவர் ரசிக்கலாம். ஆனால் அவர் வாசிப்பதெல்லாம் அதுவே எனின், கதைக்குரிய பள்ளி தம்முடையதன்று என முடிவுசெய்துவிடுவார்.

இவ்வட்டார மாணவர் தமக்குள் ‘ஏலே’, ‘வாடே’ என விளித்துக்கொள்வர். வகுப்பில் எழுந்து நின்றதும் வேறு தமிழுக்கு மாறுவர். அம்மாற்றம் நிகழும் நொடியே பள்ளி வாழ்வின் நுட்பமான அனுபவங்களுள் ஒன்று. உரையாடலில் பேச்சுவழக்கையும் கதைகூறலில் எளிய பொதுத்தமிழையும் கையாளும் நாவல்கள் இவ்வனுபவத்தை ஏற்கின்றன. எல்லாப் பாத்திரங்களும் பாடநூல் தமிழ் பேசும் நாவல் அதனை மறைக்கிறது.

தேர்வுக்குரிய ஐந்து வினாக்கள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில், நூலைக் கையிலெடுக்கும் ஆசிரியரோ நூலகரோ எழுப்பத்தக்க வினாக்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. கதை எந்த இருக்கையில் அமர்ந்துள்ளது? முடிவெடுப்பதும் மாறுவதும் ஆசிரியரே எனின், நூலை ஆசிரியர் அறைக்கு ஒதுக்கலாம்.

2. தீங்கு நேர்ந்தபின் சிறுவர்க்கு என்ன வழி எஞ்சுகிறது? வழி எதுவும் இல்லையெனின், தனி வாசிப்புக்கு அந்நூலைத் தருதல் கூடாது.

3. வகுப்பறையோடு வீடும் வழியும் கதையில் உள்ளனவா?

4. இது யாருடைய பள்ளி? சாதி, தொழில், பயிற்றுமொழி, விளி ஆகியவற்றில் வாசகர் தம்மைக் காண இயலுமா? இயலாதெனின், அதனை ஈடுசெய்யும் துணைப்பனுவல் எது?

5. நூல் எவ்வாறு வாசிக்கப்படும்? தனியாகவா, உரக்க வாசித்தா, குழுவாகவா?

ஐந்தாம் வினா நடைமுறை சார்ந்தது. வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளையில் பத்துப் பக்கம் உரக்க வாசிக்கப்படுமெனின், நூறு பக்க நாவல் பத்து வாரம் கொள்ளும். அதாவது ஜூனில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு நாவல் நிறைவுறும். சாரல் மழையால் விளையாட்டுத் திடல் நனைந்து, உடற்கல்வி வகுப்பு உள்ளேயே முடங்கும் நாள்களும் இப்பருவத்தில் வரும். அவ்வேளைகளை வாசிப்புக்குத் திருப்புவது எளிது. தென்காசி வ.உ.சி. வட்டார நூலகம் போன்ற பொதுநூலகங்களிலிருந்து ஒரே நூலின் சில படிகளைப் பெற முடிந்தால், உரக்க வாசிப்பைக் குழு வாசிப்பாக மாற்றலாம்.

இவ்வினாக்களின்படி ஓர் எளிய வரிசையையும் கருதிப் பார்க்கலாம். ஐந்து, ஆறாம் வகுப்புகளில் நாட்டார் கதைகளோடு, விழியனின் ‘பென்சில்களின் அட்டகாசம்’ போன்ற, வகுப்பறைப் பொருள்களே உயிர்பெறும் கற்பனைக் கதைகள் அமையலாம். ஆறு, ஏழாம் வகுப்புகளில் ‘டோட்டோ-சான்’ பகுதிகளை உரக்க வாசிக்கலாம். ஏழு, எட்டாம் வகுப்புகளில் ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலோடு அம்பேத்கரின் நினைவுக்குறிப்பை இணைக்கலாம். ‘ஆயிஷா’ ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உரையாடலோடு வரவேண்டும். ‘பகல் கனவு’ ஆசிரியர்க்கு உரியது. ‘முதல் ஆசிரியர்’ ஆசிரியர்க்கும் உயர்நிலை வகுப்பைக் கடந்த மாணவர்க்கும் உரியது. இவ்வரிசை இறுதியானதன்று. வினாக்கள் மாறாதிருக்க, நூல்கள் மாறலாம்.

முடிவுரை

பள்ளியைப் பற்றிய சிறந்த நூல்கள் அனைத்தும் பள்ளி மாணவர்க்கு உரியன அல்ல என்பதும், இருக்கைநிலையைக் கொண்டு இவ்வேறுபாட்டை அறியலாம் என்பதும் இக்கட்டுரையின் முதன்மை முடிவுகள். கடுமையான பொருளை விலக்குவது தேர்வின் நோக்கமாதல் கூடாது. பொருளுக்குப்பின் சிறுவர்க்கு ஒரு வழி எஞ்சுகிறதா என்பதே நோக்கத்தக்கது. தமிழ்நாட்டின் பகற்பள்ளிக்கு வீடும் வழியும் இன்றியமையாதன ஆதலின், விடுதிக் கதைகளின் அளவுகோல்களை அப்படியே பொருத்துவது பயன்தராது. தென்காசி, குற்றாலம் போன்ற வட்டாரங்களில் பள்ளியாண்டும் உழைப்பின் பருவமும் ஒருங்கே தொடங்குகின்றன. இந்நிலையை உணர்ந்து நூலும் துணைப்பனுவலும் தேரப்படுதல் வேண்டும்.

விருந்தினர் குளித்து மகிழும் அருவிக்கரையைக் கடந்து, நனைந்த புத்தகப்பையோடு நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் கதை எழுதப்படத் தகுந்த பொருள். அது எழுதப்படும்வரை, இருக்கும் நூல்களுள் அப்பிள்ளைக்கு ஓர் இருக்கையைத் தேடித் தரும் பொறுப்பு ஆசிரியரையும் நூலகரையும் ஆய்வாளரையும் சார்ந்தது.